நினைவுக்கெட்டாத காலத்துக்குப் போன சம்மன்

செல்லப்பெருமாள் ஈச்சந்தேரிப் பாதைக்குக் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டினாரே, அந்த வருஷத்தில்தான் சேந்தன்பட்டணம் முன்சீப் கோர்ட்டிலிருந்து இங்கிலீஷ் வார்த்தைகளுக்குச் சம்மன் போனதும், சம்மன் கிடைத்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் கிளம்பி வந்து கூண்டில் ஏறிச் சாட்சி சொன்னதும் நடந்தது. அதே வருஷம் பங்குனியில் காலம் தவறி மழை கொட்டி, அளத்தில் வாரி வைத்த உப்பெல்லாம் கரைந்து போனது. ஊரில் இன்றைக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் அந்த மழையைத்தான் சொல்வார்கள். வார்த்தைகள் வந்ததைப் பற்றிக் கேட்டால், ஆமாம், அதுவும் நடந்தது, பஸ் ஸ்டாண்டில் இறங்கி வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள் என்பார்கள்.

ஹெப்சிபா அந்தக் கோர்ட்டில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. தமிழில் வருகிற வாக்குமூலத்தை இங்கிலீஷில் டைப் அடித்து முன்சீப்பின் மேஜையில் வைப்பது அவள் வேலை. மற்ற பெண்கள் ஜவுளிக்கடையில் அடுக்கியிருக்கும் அத்தனை சேலையையும் இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் முந்தானையையும் விரலால் தொட்டுப் பார்த்து, கடைக்காரர் சலித்துப்போன பிறகு ஒன்றை எடுப்பதுபோல, ஹெப்சிபா ஒரு தமிழ் வார்த்தைக்கு இங்கிலீஷில் இருக்கிற அத்தனை வார்த்தையையும் இறக்கிப் பார்த்துத்தான் ஒன்றை எடுப்பாள். அதனால் அவள் மேஜையில் எப்போதும் வேலை கொஞ்சம் தேங்கித்தான் கிடக்கும். ஆனால் முன்சீப் அழகியநம்பி அவள் டைப் அடித்த தாளில் ஒரு நாளும் பேனா வைத்ததில்லை.

ஈச்சந்தேரியில் அறுபது வீடு, அறுபதும் உப்பளத்துக் கூலிக்குப் போகிறவர்கள் வீடு. ஊருக்கும் அளத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் செம்மணல் மேடான தேரியை அறுத்துக்கொண்டு ஒற்றையடிப் பாதை ஒன்று போகும். செல்லப்பெருமாள் வெளியூரிலிருந்து வந்து அந்தத் தேரியில் நாற்பது ஏக்கர் வாங்கி, சுற்றிலும் கம்பி வேலி போட்டு, பாதை வேலியை வெட்டுகிற இடத்தில் ஒரு கேட்டும் வைத்து, அதில் உள்ளங்கையளவு பூட்டுப் போட்டார். அன்றிலிருந்து ஈச்சந்தேரிக்காரர்கள் ரோட்டுக்கு வர மூன்று மைல் சுற்ற வேண்டியதானது. மூன்றாவது மாதம் தங்கத்துரைக்குக் காலில் பாம்பு கடித்தது. நாலு பேர் கட்டிலோடு தூக்கிக்கொண்டு சுற்று வழியில் ஓடி ஆஸ்பத்திரி சேர்த்தார்கள். உயிர் பிழைத்தது, கால்விரல் இரண்டு போனது. அவர் மனைவி பூங்கனி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வக்கீல் கந்தப்பழத்தின் வீட்டுக்குப் போய், அந்தப் பாதை எங்களுக்கு வேணும், அதுக்கு எங்கே கைநாட்டு வைக்கணுமோ சொல்லுங்க, வைக்கிறேன் என்றாள்.

வழக்குக்கு எண் கொடுத்தார்கள். பூங்கனி வாக்குமூலத்தில் சொன்னது ஒரே வரி.

"அந்தப் பாதையில நாங்க அப்போ இருந்து நடக்கோம்."

எப்போ இருந்து என்று எழுதுகிறவர் கேட்டதற்கு, அதான் சொல்லுதேனே, அப்போ இருந்து என்று மறுபடியும் சொன்னாள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். அந்த வரி ஹெப்சிபாவின் மேஜைக்கு வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.

அவள் எல்லாவற்றையும் இறக்கினாள். லாங் அகோ என்று போட்டுப் பார்த்தாள், ரொம்ப நாளைக்கு முன்னால், அது துவைத்துத் துவைத்து நைந்த துணிபோல இருந்தது. ஏஜஸ் அகோ என்றால் யுகக் கணக்கு. ஆனால் வெள்ளைக்காரன் போன வாரம் பார்த்த சினிமாவுக்கும் அதைத்தான் சொல்வான், நம்பக்கூடாது. டாங்கீஸ் இயர்ஸ், கழுதை வருஷம், அது நண்பர்கள் தோளில் தட்டிக்கொண்டு பேசுகிற பேச்சு, கோர்ட்டுக்கு ஆகாது. ஒன்ஸ் அப்பான் எ டைம் என்று போட்டால் முன்சீப் ராஜா எங்கே என்று கேட்பார். இன் டேஸ் ஆஃப் யோர், பண்டை நாளில், என்பதில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. ஈச்சந்தேரியில் யாரிடமும் குதிரை கிடையாது. பேக் இன் த டே, எங்க காலத்திலே, என்பது பழைய மாணவர்கள் கூடுகிற விழாவில் மைக் பிடித்தவர் சொல்வது. எல்லாவற்றையும் மடித்து ஓரம் வைத்துவிட்டு, கடைசியாக அவள் ஃப்ரம் டைம் இம்மெமோரியல் என்று எடுத்தாள். நினைவுக்கெட்டாத காலந்தொட்டு. டைப் அடித்து முடித்ததும் தாளை உருவி, சத்தம் வராமல் உதட்டால் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். வாய் நிறைந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது அவளுக்குக் காரணமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் தளவாய் அந்த ஒரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கையில் நூல் முனை கிடைத்தால் துணி முழுவதையும் பிரிக்காமல் விடமாட்டார். வழி உரிமைக்குச் சட்டம் இருபது வருஷ நடமாட்டம் கேட்கிறது, இவர்கள் நினைவுக்கெட்டாத காலம் என்கிறார்கள், அது எந்த வருஷம், எந்த மாசம், அதைப் பார்த்தவர் யார், அந்தக் காலத்தைச் சேர்ந்த ஒருவரையாவது கூண்டில் ஏற்றினால் நான் குறுக்கு விசாரணை செய்துகொள்கிறேன் என்றார். முன்சீப்புக்கு அன்று தலைவலி. நெற்றியைப் பிடித்துக்கொண்டு, சரி, வாதி தரப்பில் அந்தக் காலத்திலிருந்து சாட்சி கொண்டுவரட்டும், அடுத்த வாய்தாவுக்குள் வராவிட்டால் வழக்குத் தள்ளுபடி என்று உத்தரவு போட்டுவிட்டு எழுந்து போனார்.

வக்கீல் கந்தப்பழத்துக்கு வந்த கோபத்தில், சாட்சிக்குச் சம்மன் கேட்டு மனுப் போட்டே விட்டார். சாட்சி பெயர்: நினைவுக்கெட்டாத காலம். விலாசம்: ஈச்சந்தேரி வழி. மனுவில் குற்றம் குறை ஒன்றும் இல்லாததால் தலைமைக் குமாஸ்தா முத்திரை குத்தினார். கோர்ட் அமீனா உச்சிமாகாளி சம்மனைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு சைக்கிளில் போனார். இருபத்திரண்டு வருஷமாக, செத்தவர்களுக்கும், ஊரை விட்டு ஓடியவர்களுக்கும், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தபடியே இல்லை என்று சொன்னவர்களுக்கும் சம்மன் சார்வு செய்தவர் அவர். திரும்பி வந்து கொடுத்த அறிக்கையில், சாட்சியை நேரில் காணவில்லை, எனவே விதிப்படி கேட் தூணில் சம்மனை ஒட்டி மூன்று முறை உரக்க வாசித்துவிட்டு வந்தேன், காற்று பலமாக இருந்தது என்று எழுதியிருந்தார்.

வாய்தா நாளில் டவாலி வாசலில் நின்று, நினைவுக்கெட்டாத காலம், நினைவுக்கெட்டாத காலம், நினைவுக்கெட்டாத காலம் என்று மூன்று தரம் கூப்பிட்டார். சாட்சி வந்தார் என்று கோர்ட் டைரியில் இருக்கிறது. வந்தது ஆணா பெண்ணா, வயசாளியா வாலிபமா என்று டைரியில் இல்லை. அன்றைக்கு மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் அது தெரியவில்லை. பகல் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது எல்லோரும் எழுந்தார்கள். காலையிலிருந்து என்ன நடந்தது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏதோ நல்ல தூக்கம் தூங்கி விழித்தவர்கள் மாதிரி இருந்தார்கள். ஹெப்சிபாவின் மெஷின் பக்கத்தில் நாலு பக்கம் டைப் அடித்துக் கிடந்தது. கடைசிப் பக்கத்தின் அடியில் கட்டைவிரல் ரேகை ஒன்று. ரேகை என்று பெயர்தான். மை இருந்தது, வட்டம் இருந்தது, உள்ளே ஒரு கோடு கூட இல்லை, ஆற்றில் கிடந்த கூழாங்கல்போல வழவழவென்று இருந்தது.

ஹெப்சிபா அந்த நாலு பக்கத்தையும் தான் எழுதாத கடிதத்தைப் படிப்பவள்போலப் படித்தாள். பெயர் என்ன என்ற கேள்விக்கு, பெயர் வைக்கிற வழக்கம் அப்போது வரவில்லை என்று பதில் இருந்தது. வயது என்ன என்பதற்கு, எண்ணுவது பிறகு வந்தது என்று இருந்தது. தளவாய் குறுக்கு விசாரணையில் அந்தப் பாதையை யார் போட்டது, எந்த ஆண்டு, யார் அனுமதி கொடுத்தது என்று கேட்டிருக்கிறார். அதற்குச் சாட்சி சொன்னதை அவள் பேச்சுத் தமிழிலேயே அடித்து வைத்திருந்தாள், மொழிபெயர்க்க அவளுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது.

"முதல்ல ஒரு பொம்பளை தண்ணிக்குப் போனா. திரும்பி வரயில அதே வழியா வந்தா. அம்புட்டுத்தான், பாதை ஆயிட்டுது."

சேந்தன்பட்டணத்தில் இதற்காக யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. சாட்சி வந்தார் என்றால் சாட்சிக்கு உட்கார இடம், குடிக்கத் தண்ணீர் கொடுத்தோமா என்பதுதான் முதலில் அவர்கள் கவலை. டீக்கடை ராமசுப்பு தன் கடையில் அன்று ஒரு கண்ணாடித் தம்ளர் கூடுதலாகக் கழுவக் கிடந்ததைச் சொன்னார். அப்போ டீ குடிச்சிட்டுத்தான் போயிருக்கார் என்று எல்லோருக்கும் ஆறுதலாக இருந்தது. கண்ணுக்கு முன்னால் இருக்கிற வரைக்கும் தெரியும், பார்வையை எடுத்தால் மறந்து போகும், அவர் சுபாவம் அப்படி, நம்ம ஊர்ப் பதிவாளர்கூட அப்படித்தானே என்று பேசிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு வந்த மாசங்கள்தான் கோர்ட் வாசல் திருவிழாவாக இருந்த மாசங்கள். தளவாய் சும்மா இருக்கவில்லை. வாதிக்கு ஒரு காலம் வந்து சாட்சி சொல்லலாம் என்றால் பிரதிவாதிக்கும் வரலாம் என்று மனுப் போட்டார். செல்லப்பெருமாள் வாங்கிய நிலத்தின் பழைய இங்கிலீஷ் பத்திரத்தில், இன் டேஸ் ஆஃப் யோர் இந்தப் பூமி மனிதக் கால் படாமல் கிடந்தது என்று ஒரு வரி இருந்தது. சம்மன் போனது. பத்தாம் நாள் காலை பஸ்ஸில் டேஸ் ஆஃப் யோர் வந்து இறங்கினார். இடுப்பில் வாள், தோளில் சால்வை, காதுவரை மீசை. கூண்டில் ஏறி ஒரு மணி நேரம் செய்யுளாகவே சாட்சி சொன்னார். மண்டபம் கை தட்டியது. முன்சீப் தட்டாமல் இருக்கக் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பாதை இருந்ததா இல்லையா என்று கேட்டால் போர்க்களத்தைச் சொன்னார், வேலி இருந்ததா என்றால் கொடியைச் சொன்னார். பழைய பெருமை பேச வேண்டிய இடத்துக்கு அவரைக் கூப்பிடலாம், வரப்புத் தகராறுக்குக் கூப்பிடக் கூடாது என்று அன்றைக்கு ஊருக்குப் புரிந்தது.

அடுத்து ஒன்ஸ் அப்பான் எ டைம் வந்தாள். மஞ்சள் பாவாடை, சிரித்த முகம், அவள் வாயைத் திறந்ததும் மண்டபத்தில் இருந்தவர்கள் தாமாகவே கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். ஒரு ஊர் இருந்ததாம், அந்த ஊரில் ஒரு பாதை இருந்ததாம் என்றாள். எந்த ஊர் என்றார் தளவாய். ஒரு ஊர் என்றாள். அதன் நான்கெல்லை சொல் என்றார். ஏழு கடல், ஏழு மலை என்றாள். அவளுக்கு அதற்குமேல் தெரியவில்லை, பாவம். இடமும் தேதியும் கேட்டால் அவள் செத்துப்போவாள், கேட்காமல் இருந்தால் எவ்வளவு நேரமும் பேசுவாள்.

ஏஜஸ் அகோ என்கிற அம்மாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, எவ்வளவு நேரமாக் காத்திருக்கேன் தெரியுமா, யுகமாச்சு, ஒருத்தரும் கவனிக்கலை என்று சண்டைக்கு வந்தாள். பஸ் வந்து அப்போது இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது. பேக் இன் த டே அகல பெல்பாட்டமும் கிருதாவுமாக வந்தார். கூண்டில் ஏறியதைவிட ராமசுப்பு கடையில் உட்கார்ந்ததுதான் அதிகம். எட்டு நாள் இருந்து, அந்த நாளில் டீ எப்படி இருந்தது, சைக்கிள் எப்படி இருந்தது, தான் எப்படி இருந்தேன் என்று சொன்னார். அவருக்கு முப்பது நாற்பது வருஷத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை, அந்த முப்பது நாற்பதிலும் தன்னைத் தவிர வேறு யாரையும் தெரியவில்லை. டாங்கீஸ் இயர்ஸுக்குப் போட்ட சம்மனுக்கு ஒரு கழுதை வந்தது. அது கூண்டில் ஏற மறுத்து, வெளியே பலகையில் ஒட்டியிருந்த அன்றைய வழக்குப் பட்டியலை நிதானமாகத் தின்றுவிட்டு நின்றது. அன்றைக்குப் பட்டியல் இல்லாததால் எல்லா வழக்கும் ஒத்திவைக்கப்பட்டன.

ஹைஸ்கூல் இங்கிலீஷ் வாத்தியார் சாலமோன் பத்தாம் வகுப்பு முழுவதையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து பின் பெஞ்சில் உட்கார வைத்தார். போர்டில் எழுதிப் போட்டால் ஏறாத வித்தியாசமெல்லாம் நேரில் பார்த்ததும் ஏறிவிட்டது. அந்த வருஷம் சேந்தன்பட்டணத்துப் பிள்ளைகள் பரீட்சையில் கட்டுரை எழுதும்போது, நண்பனுக்கு எழுதும் கடிதத்தில் கழுதையையும், கதையில் மஞ்சள் பாவாடைக்காரியையும், கோவில் வரலாற்றில் மீசைக்காரரையும் ஒருவர்கூட இடம் மாற்றிப் போடவில்லை. நகை அடகு வைத்தவர்களும் பங்காளிச் சண்டைக்காரர்களும் தங்கள் தங்கள் வழக்குக்கும் ஒரு பழங்காலத்தைக் கூப்பிட்டுத் தரச் சொல்லி வக்கீல்களை மொய்த்தார்கள். உச்சிமாகாளியின் சைக்கிளுக்கு இரண்டு டயர் மாற்ற வேண்டியதாயிற்று.

ஹெப்சிபா மட்டும் அந்த நாலு பக்கத்தை விட்டு மனசு விலகாமல் இருந்தாள். ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் பூங்கனி கோர்ட் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹெப்சிபா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். பூங்கனி அவளை டைப்பம்மா என்றுதான் கூப்பிடுவாள். கருவாட்டுத் துண்டு ஒன்றைத் தட்டின் ஓரம் வைத்து நீட்டினாள். தின்றுகொண்டே ஹெப்சிபா, நீங்கள் வாக்குமூலத்தில் அப்போ இருந்து என்று சொன்னீர்களே, மனசில் எதை நினைத்துச் சொன்னீர்கள் என்று சும்மா கேட்டாள்.

"நான் வாக்கப்பட்டு வந்ததுல இருந்து. பத்தொம்பது வருசம் ஆச்சு. அதுக்கு முந்தி எனக்கு இந்த ஊரு என்ன தெரியும் டைப்பம்மா?"

ஹெப்சிபா மிச்சக் கருவாட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தாள். பத்தொன்பது. சட்டம் இருபது கேட்கிறது. ஒரு வருஷம் குறைவான ஒரு மனைவியின் கணக்கைத் தான் எடுத்து, அழகாக இருக்கிறது என்பதற்காக, ஆதியும் அந்தமும் இல்லாத ஒன்றாக மாற்றி டைப் அடித்திருக்கிறோம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்த பன்னிரண்டு நாளும் அவள் தட்டிய தாள் ஒவ்வொன்றிலும் பிழை இருந்தது, முன்சீப்பின் பேனா முதல் தடவையாக அவள் தாளில் இறங்கியது.

பதின்மூன்றாம் நாள் தளவாய் எழுந்து, தான் கூப்பிட்ட ஐந்து சாட்சியும் பாதையைப் பற்றி ஒரு பிரயோஜனமும் இல்லாதவர்கள் என்பதை ஒப்புக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் அவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம், கழுதை உட்பட. வாதி தரப்புச் சாட்சியை மட்டும் பார்த்ததாகச் சொல்ல ஊரில் ஒரு ஆள் இல்லை. கோடில்லாத ரேகையை யாரும் உருட்டி வைக்கலாம். அந்த நாலு பக்கமும் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா தன் கற்பனையில் அடித்தது என்பது என் வாதம், அவரைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க அனுமதி வேண்டும் என்றார். முன்சீப் சரி என்று தலையசைத்தார்.

பதினோரு வருஷமாக அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவள், கூண்டிலிருந்து மண்டபத்தை அன்றுதான் முதல் தடவை பார்த்தாள். பின் பெஞ்சில் ஈச்சந்தேரிப் பெண்கள் வேலைக்குப் போகாமல் வந்து உட்கார்ந்திருந்தார்கள், எல்லோருடைய காலிலும் உப்பு பூத்து வெள்ளையாக இருந்தது. தங்கத்துரை துணி சுற்றிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் சத்தியம் செய்தாள். தளவாய் பக்கத்தில் வந்து மரியாதையாகத்தான் கேட்டார்.

"அந்தச் சாட்சியப் பாத்ததா உங்களுக்கு ஞாபகம் இருக்காம்மா?"

கந்தப்பழம் அவளையே பார்த்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஹெப்சிபாவும் அதைத்தான் நினைத்துக்கொண்டு ஏறியிருந்தாள். மேஜையிலிருந்து கூண்டுக்கு நடக்கிற நேரத்துக்குள், ஒரு கிழவர், வெள்ளைத் தாடி, கையில் கம்பு என்று மனசுக்குள் ஒரு ஆளைக்கூடத் தைத்து வைத்திருந்தாள். வாயைத் திறந்தபோது அந்தத் தாடிக்காரர் வரவில்லை.

"ஞாபகம் இல்லைங்கய்யா."

மண்டபத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். தளவாய் உட்காரப் போனார். ஹெப்சிபா, இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது என்று முன்சீப்பைப் பார்த்தாள். பூங்கனி சொன்னது அப்போ இருந்து என்பதை, அவள் மனசில் வைத்திருந்தது பத்தொன்பது வருஷம் என்பதை, தான் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஒரு பெரிய வார்த்தையைப் போட்டதை, அது அழகாக இருந்ததால் போட்டதை, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் சின்னதாகிக்கொண்டே போனது.

"அது என் தப்புங்கய்யா. அவங்க தப்பு இல்ல. ஆனா நான் தப்பாக் கூப்பிட்டாலும், கூப்பிட்டதுக்கு ஒருத்தர் வந்திருக்காங்க. அந்த நாலு பக்கத்தை என்னால எழுத முடியாது. எனக்கு அவ்வளவு தமிழ் வராது."

முன்சீப் அழகியநம்பி கண்ணாடியைக் கழற்றினார். நீங்கள் போட்ட அந்த இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழில் நேர் அர்த்தம் என்ன என்று கேட்டார். யாருக்கும் நினைவில்லாத காலம் என்றாள். அவர் அதைக் கையாலேயே எழுதிக்கொண்டார். பிறகு மண்டபத்தைப் பார்த்து, சாட்சி வந்த அன்று இங்கே இருந்தவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார். முப்பத்தேழு பேர் எழுந்தார்கள். தளவாயில் தொடங்கி ஒவ்வொருவராக, அந்தச் சாட்சியை நினைவிருக்கிறதா என்று கேட்டார். தளவாய் இல்லை என்றார். கந்தப்பழம் தயங்கி இல்லை என்றார். டவாலி இல்லை என்றார். அன்றைக்கே வேடிக்கை பார்க்க வந்திருந்த சாலமோன் வாத்தியாரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரும் இல்லை என்றார்கள். செல்லப்பெருமாள், இல்லைங்க, சத்தியமா இல்லை என்று அழுத்திச் சொன்னார். கடைசியில் முன்சீப் தன்னையும் கேட்டுக்கொண்டு, எனக்கும் இல்லை என்று பதிவு செய்யச் சொன்னார்.

பிறகு செல்லப்பெருமாளை மட்டும் நிற்கச் சொல்லி, இந்த நிலத்தை வாங்குவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்தீர்களா என்றார். மூன்று தடவை பார்த்தேன் என்றார் அவர் பெருமையாக. எந்த வழியாகப் போனீர்கள் என்றார் முன்சீப். செல்லப்பெருமாள் தளவாயைப் பார்த்தார். தளவாய் தன் காகிதங்களை அடுக்க ஆரம்பித்திருந்தார்.

"அந்தப் பாதை வழியாத்தான்," என்றார் செல்லப்பெருமாள்.

இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. பதினாறு பக்கம். வாதியின் பத்தொன்பது வருஷம் சட்டத்துக்குப் போதாது என்பதை முன்சீப் ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் பத்தொன்பது வருஷத்துக்கு முன் ஒரு மணப்பெண் வந்து இறங்கிய நாளில் அந்தப் பாதை இருந்திருக்கிறது, அவளை அழைத்து வந்தவர்களுக்கு வழி தெரிந்திருக்கிறது, அவர்களுக்கு முன்னால் யார் நடந்தார் என்று சொல்ல ஒருவரும் இல்லை. சம்மன் அனுப்பப்பட்ட சாட்சி நேரில் வந்து தம் பெயருக்கேற்றபடி நடந்துகொண்டார். அவரை நினைவில்லை என்று சொன்ன முப்பத்தேழு பேரையும் இந்தக் கோர்ட் வாதி தரப்புச் சாட்சிகளாக ஏற்றுக்கொள்கிறது என்று எழுதியிருந்தார். கேட்டை ஏழு நாளில் எடுக்க வேண்டும். தனி ஒரு தாளில், மொழிபெயர்ப்புக் குமாஸ்தாவுக்கு எச்சரிக்கை: இனிமேல் சொன்னதைவிடப் பெரிதாக ஒன்றும் டைப் அடிக்கக் கூடாது. ஹெப்சிபா அதை வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். எட்டு மணி நேரம் தலையில் உப்புக்கூடை சுமந்து இறக்கியதுபோல இருந்தது அவளுக்கு.

ஏழு நாளும் செல்லப்பெருமாள் கேட்டை எடுக்கவில்லை. சாவியோடு எங்கேயோ வெளியூர் போய்விட்டார். எட்டாம் நாள் காலை உச்சிமாகாளி உத்தரவோடு ஈச்சந்தேரி போனார். மத்தியானம் திரும்பி வந்து, வழக்கம்போல நீல மையில் அறிக்கை எழுதி ஹெப்சிபாவின் மேஜையில் வைத்தார். பூட்டைத் திறக்க முடியவில்லை. ஆகவே ஈச்சந்தேரிப் பெண்கள் கேட்டைக் கீல்களிலிருந்து கழற்றித் தூக்கிவிட்டார்கள். தூக்கிய கேட்டை எங்கே வைப்பது என்று உத்தரவில் இல்லாததால், பாதை அளத்தைத் தொடுகிற இடத்தில், இதுவரை தாண்டிக் குதித்துக்கொண்டிருந்த உப்புத்தண்ணி வாய்க்காலுக்குக் குறுக்கே அதைப் பாலமாகப் போட்டுவிட்டார்கள். பூட்டு அதிலேயே தொங்குகிறது. இன்று காலை முதல் அதன்மேல் நடமாடி வருகிறார்கள்.

ஹெப்சிபா தாளைச் சொருகினாள். இன்று காலை முதல். வேறு எதையும் இறக்கிப் பார்க்கவில்லை. சின்ஸ் திஸ் மார்னிங் என்று அடித்தாள். அடித்துவிட்டு மெஷினை மூடி, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, உச்சிமாகாளியின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

நூறு தடவை டைப் அடித்த பாதையை அவள் பார்த்ததே இல்லை. அது ஒன்றரை அடி அகலம்தான் இருந்தது. செம்மணலில் வெளுத்த ஒரு கோடு, நடுவில் கொஞ்சம் பள்ளம், இரண்டு பக்கமும் கோரை. சைக்கிளை ஒரு பனையில் சாய்த்துவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். வாய்க்காலின் அக்கரையில் பெண்கள் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பூங்கனி வாரிப்பலகையைப் போட்டுவிட்டு வந்தாள். தண்ணீருக்குமேல் கேட் கிடந்தது, கம்பிகளுக்கு நடுவில் தென்னை மட்டை பரப்பி, மட்டைமேல் ஈரமண் போட்டு மிதித்திருந்தார்கள். ஹெப்சிபா ஒரு காலை வைத்துப் பார்த்தாள். அது லேசாக ஆடியது.

பூங்கனி எதிர்ப்பக்கத்திலிருந்து உப்புக் கையை நீட்டினாள்.

"பாத்து வாங்க டைப்பம்மா," என்றாள். "இது புதுசு."